கரமனையில் வாடகைக்கு அறை: யாருக்கு?

கரமனையில் மாணவர்க்கு அறை கிடைப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாதிதான் உண்மை. அறைகள் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கேரளத்தில் ஆளில்லாமல் கிடந்த வீடுகளைப் பத்து லட்சத்துக்கும் மேல் என்று பதிவு செய்தது. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் பிழைக்கப் போன பிள்ளைகளின் பெயரில் பூட்டிக் கிடக்கும் மேல்மாடிகள் திருவனந்தபுரத்தின் எந்தத் தெருவுக்கும் புதிதல்ல. அப்பிள்ளைகள் போன ஊர்களில் எல்லாம் அந்நியராகவே போய் இறங்கி, அந்நியர் ஒருவரின் வீட்டில் வாடகைக்கு இருந்துதான் படித்தார்கள், சம்பாதித்தார்கள். அந்தப் பணத்தில் எழுந்த மாடிக்கு இன்று படிக்க வரும் ஓர் அந்நியப் பிள்ளை ஏற முடியவில்லை.

களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், பாப்பனங்கோடு வழியாக வரும் நெடுஞ்சாலை ஆற்றைக் கடந்து நகரின் நெரிசலுக்குள் நுழையும் இடம் கரமனை. 1956 நவம்பர் 1 வரை இந்தச் சாலையின் இரு முனைகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. அதனால் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் படிப்பதை இன்றும் அயலூருக்குப் போவதாக எண்ணுவதில்லை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த கல்லூரி இங்கே இருக்கிறது. வையாபுரிப் பிள்ளை தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த பல்கலைக்கழகமும் இதுவே. அதன் தமிழ்த் துறை இப்போது நகரின் வட கோடியில், காரியவட்டத்தில் இயங்குகிறது. ஆனால் அவ்வட்டாரத்தின் வாடகையை 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கின் சம்பளங்கள் முடிவு செய்கின்றன. கழக்கூட்டத்தில் மென்பொருள் பணியாளரோடு போட்டியிட முடியாத ஆய்வு மாணவர் தெற்கே வருகிறார். நீரமண்கரை மகளிர் கல்லூரி, கைமனம் மகளிர் பாலிடெக்னிக், தைக்காட்டுக் கலைக் கல்லூரி, பாளையத்து யுனிவர்சிட்டி கல்லூரி ஆகியவற்றில் சேர்ந்தோரும், நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்களுக்கு வந்தோரும் இதே பக்கம் அறை தேடுகிறார்கள். தம்பானூர் நிலையம் அருகில். ஊருக்குப் போகும் பேருந்து வாசலில். கரமனைக்கு வருவோர் ஆசைப்பட்டு வருவதில்லை, கணக்குப் போட்டு வருகிறார்கள்.

அந்தக் கணக்கில் வராத ஒன்று வாசற்படியில் காத்திருக்கிறது.

வாடகை எவ்வளவு என்று மாணவர் கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரர் கேட்கத் தொடங்கிவிடுகிறார். ஊர் எது, அப்பா பெயர் என்ன, அவருக்கு என்ன வேலை என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. பிறகு, மிகச் சாதாரணமாக, ஏறத்தாழ ஒரு தாயின் கரிசனத்தோடு: வீட்டில் சாப்பாடு எப்படி? மீன், இறைச்சி உண்டா? நெத்திலியும் சாளையும் இல்லாமல் பெரும்பாலான அடுப்புகளில் மதியம் எரியாத ஒரு நாட்டில், "சைவம் மட்டும்" என்பதைச் சமையலறை விதி என்று நம்ப வேண்டுமாம். சமைக்கவே அனுமதியில்லாத அறைக்கும் இந்த விதி பொருந்துகிறது. மெஸ்ஸில் சாப்பிடப் போகிறவரிடமும் இதே கேள்வி கேட்கப்படுகிறது. கேட்கப்படுவது நாளை அவர் என்ன தின்பார் என்பதன்று. அவர் யார் வயிற்றில் பிறந்தார் என்பது. சாதியைக் கேட்டால் நாகரிகக் குறைவு. மீனைக் கேட்டால் ஆரோக்கிய உணர்வு. பெயரே விடை சொல்லிவிடும் மாணவர்களிடம், குறிப்பாக முஸ்லிம் பெயர் கொண்டவரிடம், இந்தச் சுற்றுவழியும் தேவைப்படுவதில்லை. நேற்றுத்தான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்லிவிடலாம். மூன்று நாள் கழித்தும் அதே அறைக்கு அதே விளம்பரம் தொங்கும்.

ஆண் மாணவன் என்றால் 'பேச்சிலர்' என்னும் சொல்லே குற்றப்பத்திரிகை. குடிப்பான், கூட்டம் சேர்ப்பான், பெண்களை அழைத்து வருவான். பெண் மாணவி என்றால் குற்றச்சாட்டு இன்னும் வரவில்லை, ஆனால் தண்டனை தயார்: மாலை ஆறரைக்குள் உள்ளே வர வேண்டும், பார்க்க வருபவர் வாசலோடு போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாள் என்பது ஊரிலிருக்கும் தந்தைக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்படும். ஆய்வகத்திலோ நூலகத்திலோ இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டிய ஆய்வு மாணவி இருபத்தேழு வயதினள். வாக்களிக்கிறாள், வருமானச் சான்றில் கையெழுத்திடுகிறாள். வீட்டுக்காரர் கண்ணில் மட்டும் அவள் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை.

இது ஓரிரு வீட்டுக்காரர்களின் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2015இல் 'எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி'யில் வெளிவந்தது. வாடகை வீடு கேட்பவரின் பெயரில் வெளிப்படும் சாதியும் மதமும் மாறும்போது வீட்டுக்காரரின் பதில் எப்படி மாறுகிறது என்பதை அது பதிவு செய்தது. மேல்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கு ஒருக்களித்தது; முஸ்லிம் பெயருக்குப் பெரும்பாலும் சாத்திக்கொண்டது. கேரளத்தில் அப்படியொன்றும் இல்லை என்று மார்தட்டுவோர், ஆய்வு தில்லியில் நடந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் ஒரு வாரம் வேற்றுப் பெயரில் கரமனையில் அறை தேடிப் பார்க்கலாம்.

அதே கரமனை ஆண்டுக்கொரு நாள் முற்றிலும் வேறு ஊராக மாறுவதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். கும்ப மாதத்துப் பூர நாளில் ஆற்றுகால் பொங்கல். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் ஏட்டில் பதிவான திருவிழா அது. கோயில் வளாகம் நிறைந்து, மணக்காடு நிறைந்து, கிழக்கேகோட்டை நிறைந்து, அடுப்புகள் கிள்ளிப்பாலத்தையும் கரமனையையும் தொட்டு அதற்கு அப்பாலும் நீளும். முந்தின இரவே வந்து சேரும் பெண்கள் நடைபாதையில் மூன்று செங்கல் வைத்து இடம் பிடிப்பார்கள். அன்று கரமனை வீடுகளின் வாயிற்கதவுகள் திறந்தே கிடக்கும். முன்பின் அறியாத பெண்கள் திண்ணையில் உறங்குவார்கள், கிணற்றில் நீர் இறைப்பார்கள், குளியலறையைப் பயன்படுத்துவார்கள். வீட்டுக்காரர்களே மோரும் சம்பாரமும் கரைத்து வாசலில் நிற்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால் அது பேச்சுத் துணைக்காக. அப்பா பெயர் யாரும் கேட்பதில்லை. கொல்லத்துக் கடற்கரையிலிருந்து வந்தவள் நேற்று மீன் தின்றாளா என்பது யாருக்கும் பொருட்டில்லை.

இதை எடுத்துக்காட்டுவது பக்தியை ஏளனம் செய்வதற்காக அல்ல. அந்நியரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க இந்த ஊரால் இயலாது, அது பழக்கமில்லை, பெரியவர்கள் இருக்கும் வீடு என்ற சமாதானங்களைப் பொங்கல் நாள் ஒவ்வொரு ஆண்டும் பொய்யாக்குகிறது. இயலும். பழக்கமும் உண்டு. பெரியவர்கள்தாம் அன்று முதலில் கதவைத் திறக்கிறார்கள். ஒரே ஒரு வேறுபாடு: பொங்கலுக்கு வந்தவள் மறுநாள் போய்விடுவாள். மாணவி தங்குவாள், பெயர்ப்பலகையில் இல்லாத பெயர் ஒன்று அந்த வீட்டு முகவரியோடு சேர்ந்துவிடும். ஒருநாள் சமத்துவம் புண்ணியமாகக் கணக்கில் ஏறுகிறது. மூன்றாண்டுச் சமத்துவம் சொத்தின் மதிப்பைக் குறைத்துவிடுமாம்.

"என் வீடு, என் விருப்பம்" என்பதுதான் கடைசி வாதம். அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. நேர்மையாகச் சொல்லப்படும் வேளையில் அதில் ஓர் உண்மை உண்டு. தானும் தன் மனைவியும் குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையை, சமையலறையைப் பகிர்ந்துகொண்டு வாடகைக்கு விடும் முதியவருக்கு யாரோடு வாழ்வது என்பதில் ஓரளவு தெரிவு இருக்கத்தான் வேண்டும். 1968இல் அமெரிக்கா இயற்றிய நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இதைக் கணக்கில் எடுத்தது. உரிமையாளர் தாமே குடியிருக்கும், நான்கு குடித்தனத்துக்கு மிகாத சிறு கட்டிடங்களுக்கு அது விலக்கு அளித்தது. ஆனால் அந்த விலக்குப் பெற்றவர்கூட இன்ன இனத்தவர்க்கு மட்டும், இன்ன மதத்தவர்க்கு மட்டும் என்று விளம்பரம் செய்ய முடியாது. மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் தயக்கம் வேறு, தெருவில் தொங்கும் பலகை வேறு என்பதை அச்சட்டம் அறிந்திருந்தது. அதே ஆண்டில் பிரிட்டனும் வீட்டு வாடகையில் இனப்பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கியது. இரண்டு நாடுகளிலும் பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆயினும் மறுக்கப்பட்டவருக்கு வழக்காட ஓர் இடம் கிடைத்தது.

இந்தியாவில் அந்த இடம் இல்லை. அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, கடை, உணவகம், தங்கும் விடுதி, பொதுக்கிணறு, குளம் ஆகியவற்றில் சாதி மதம் பார்க்கத் தடை விதிக்கிறது. வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 2005இல் உச்ச நீதிமன்றம், பார்சிகளுக்கு மட்டும் உறுப்பினர் இடம் என்னும் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் துணைவிதியை ஏற்றுத் தீர்ப்பளித்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர வந்த அம்பேத்கருக்கு அந்நகரில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்காமல் போனதும், பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கியவரைக் கம்புகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியதும் அவரே எழுதிவைத்த செய்திகள். நூறாண்டு கழிந்த பிறகும் சட்டப் புத்தகம் இதற்கு ஓர் ஒழுங்கான விடையை எழுதிக்கொள்ளவில்லை.

"என் வீடு" என்பதில் வரும் 'என்' எப்படி வந்தது என்பதையும் கரமனையில் கேட்க இடமுண்டு. ஆற்றங்கரை அக்ரஹாரத்தின் ஒட்டு வீடுகளில் குடியேறியவர்கள் இந்த மண்ணின் பூர்வ குடிகள் அல்லர். தமிழ்நாட்டிலிருந்து கோயில் பணிக்கும் அரசுப் பணிக்கும் அரச ஆதரவோடு வந்தவர்கள். அவர்களுக்காக ஊட்டுப்புரைகளில் அரசு இலவசமாகச் சோறு போட்டது. தந்தையை இழந்து, 1899இல் தாயோடும் தமையனோடும் தஞ்சைப் பகுதியிலிருந்து திருவிதாங்கூருக்கு வந்த ராமையா என்னும் சிறுவன் திருவனந்தபுரத்துச் சமஸ்கிருதக் கல்லூரியில் படித்தான். கரமனை நீலகண்ட சிவனின் பக்தி இசை மரபில் ஊறினான். பாபநாசம் சிவன் ஆனான். வந்தேறி மாணவன் ஒருவனுக்கு இந்நகரம் இடம் கொடுத்ததால் தமிழிசைக்கு என்ன கிடைத்தது என்பதைக் கரமனைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே காலத்தில், அதே அரசின் கீழ், இங்கிருந்து வெகுதொலைவில்லாத ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை அய்யன்காளி பள்ளியில் உட்கார வைத்ததற்காகப் பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டது. ஒருவனுக்கு இடம் மானியமாக வந்தது. ஒருத்திக்கு இருக்கையே தீயில் போனது. இன்று வீட்டுவாசலில் கேட்கப்படும் உணவுக் கேள்வி இந்த வரலாற்றிலிருந்தே வருகிறது. அக்ரஹாரத்தை மட்டும் சுட்டுவதும் நியாயமன்று. நாயர் வீட்டிலும், நாடார் வீட்டிலும், கிறித்தவ வீட்டிலும், முஸ்லிம் வீட்டிலும் "நம்ம ஆளு" என்னும் சல்லடை இருக்கிறது. கண்ணளவு மட்டும் மாறும். எல்லாச் சல்லடையிலும் தங்கிவிடுகிறவர் ஒரே தரப்பினர் என்பதுதான் செய்தி.

இந்தச் சிக்கலுக்குத் தென்னாட்டில் ஒருமுறை அரசியல் விடை கிடைத்தது. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்க்குத் தங்க இடமும் உண்ண இடமும் கிடைக்காத நிலையில், 1916இல் மருத்துவர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் சங்க விடுதியைத் தொடங்கினார். ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். பின்னாளில் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அதே ஆண்டு நவம்பரில் நீதிக்கட்சியாக உருவெடுத்த அரசியலில் நடேசனாரின் பங்கும் அவர் நடத்திய விடுதியின் நினைவும் கலந்திருக்கின்றன. தமிழக அரசியலின் நூற்றாண்டுக் கதையை எழுதுவோர் மாநாடுகளையும் அறிக்கைகளையும் விரிவாக எழுதுகிறார்கள். மாணவன் ஒருவன் இரவில் எங்கே படுப்பது என்ற கேள்வி அதன் தொடக்கத்தில் நின்றதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த விடையிலும் ஒரு குறை இருந்தது. பின்னர் ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்குத் தானே விடுதி கட்டிக்கொண்டது. நாடார் விடுதி, நாயர் விடுதி, ஈழவர் விடுதி, கன்னியர் நடத்தும் மகளிர் விடுதி. கட்ட வசதியில்லாத சமூகத்துக்கு அரசின் ஆதிதிராவிடர் விடுதி, கேரளத்தில் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின் விடுதி. அரசோ, இதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டது: பொறுப்பைச் சமூகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. இப்படி மாணவரின் உறைவிடம் பொதுக் கல்வியின் பகுதியாகாமல், சமூகங்களின் தருமக் கணக்கில் சேர்ந்தது. தருமத்தில் இடம் கிடைத்தவர் நன்றியோடு இருக்க வேண்டும். கிடைக்காதவர் தெருவில் இறங்கி மேல்மாடி தேட வேண்டும்.

கேரளத்து விடுதிகளுக்குள் அண்மைக் காலத்தில் நீதிமன்றம் நுழைந்திருக்கிறது. அது எளிதாகக் கிடைத்த வெற்றி அல்ல. 2019இல் திருச்சூர்க் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில் அரசியல் கூட்டங்களுக்கும் திரைப்படக் காட்சிகளுக்கும் விதித்த தடைகளை எதிர்த்து மாணவியர் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கு: மாலை 6 முதல் இரவு 10 வரை அலைபேசிக்குத் தடை விதித்த கோழிக்கோட்டுப் பக்கத்துக் கல்லூரி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவியின் வழக்கில், இணைய வசதி கல்வியுரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்பு வந்தது. 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவியர் இரவு நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துப் போராடி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே விதி என்னும் அரசாணையை வரவழைத்தார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர்க்கு மட்டும் பாரபட்சமான விடுதி விதிகள் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குவிதிகளும் எழுதி வைத்திருக்கின்றன.

இந்த உரிமைகள் எல்லாம் கல்லூரி மதிலோடு நின்றுவிடுகின்றன என்பதை எவரும் உரக்கச் சொல்வதில்லை. விடுதியில் இடம் கிடைத்தவளுக்கு ஃபஹீமா ஷிரின் தீர்ப்பு உண்டு. இடம் கிடைக்காமல் கரமனையில் பேயிங் கெஸ்டாக இருப்பவளுக்கு அதே தீர்ப்பு ஒரு செய்தித்தாள் துணுக்கு. அவள் வாடகைதாரரா? கேரளத்தின் 1965ஆம் ஆண்டுக் கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாது. வீட்டுக்காரர் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்துக்குப் போய்க் காரணம் நிறுவ வேண்டும். ஆனால் 'கட்டிடம்' என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையிலேயே, ஓட்டல் அறையும் உண்டி உறையுள் அறையும் இதில் அடங்கா என்று ஒரு தொடர் இருக்கிறது. ஒரு வேளை இட்டிலி போட்டால் போதும், வாடகைக்கு விட்ட அறையை உண்டி உறையுள் என்று வீட்டுக்காரர் வாதிடலாம். சட்டப் பாதுகாப்பு ஆட்டம் காணும். கையில் ஒப்பந்தமும் இருக்காது, இருந்தாலும் வழக்கமான 11 மாதச் சீட்டு. ஓராண்டுக் குத்தகையானால் பதிவு செய்ய வேண்டிவரும் என்பதற்காகக் கண்டுபிடித்த 11 மாதம். அட்வான்ஸ் திரும்பவில்லை என்றால் எங்கே முறையிடுவது, இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியை வெளியே வைத்தால் யாரை அழைப்பது என்பதற்குக் கல்லூரியிலும் விடையில்லை, சட்டத்திலும் தெளிவில்லை. விடுதி மாணவியும் அல்ல, வாடகைதாரரும் அல்ல. சட்டத்தின் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள நடையில் அவள் நிறுத்தப்பட்டிருக்கிறாள்.

விந்தை என்னவெனில், வரித்துறைக்கு அவளைத் தெரியும். கல்விநிலையத்துக்கு வெளியே உள்ள தனியார் விடுதிகளுக்கு வரி உண்டா இல்லையா என்ற சர்ச்சை மூண்டபோது, 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்குவோர்க்கு விலக்கு என்று பரிந்துரைத்தது. எத்தனை நாள் தங்குகிறாள், எவ்வளவு கொடுக்கிறாள் என்பதை அரசால் இவ்வளவு நுணுக்கமாக வரையறுக்க முடிகிறது. அவளிடம் சாதி கேட்கக் கூடாது என்று ஒரு வரி எழுத முடியவில்லை. தமிழ்நாடு 2014இலேயே மகளிர், சிறார் விடுதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. பதிவும் உரிமமும் கட்டாயம். அச்சட்டமும் மாணவியைக் காக்கப்பட வேண்டிய பொருளாகவே பார்க்கிறது என்பது உண்மை. எனினும் விடுதி நடத்துபவர் யாரிடமாவது பதில் சொல்ல வேண்டும் என்றாவது அது ஆக்கியது.

சட்டம் விலகி நின்ற இடத்தில் குடியிருப்போர் சங்கங்கள் வந்து அமர்ந்துகொண்டன. 2022 ஜூலையில் ஸ்ரீகாரியம் பக்கம், பொறியியல் கல்லூரிக்கு அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் மாணவரும் மாணவியரும் சேர்ந்து உட்காரக் கூடாது என்று நீண்ட இருக்கையை வெட்டித் தனித்தனி இருக்கைகளாக்கினார்கள். மாணவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்து படம் எடுத்து வெளியிட்டார்கள். மேயர் ஆர்யா ராஜேந்திரன் நேரில் வந்து பார்த்து, பாலினப் பாகுபாடு இல்லாத புதிய நிறுத்தம் கட்டித் தருவதாகச் சொன்னார். நாடே சிரித்தது. ஆனால் பேருந்து நிறுத்தம் பொது இடம், அதனால்தான் மேயர் வர முடிந்தது. அதே மனப்பான்மை அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றறிக்கையாகும்போது, திருமணமாகாதவர் காலி செய்ய வேண்டும், எதிர்பாலினத்தவர் உள்ளே வரக் கூடாது என்று பட்டியல் ஒட்டப்படும்போது, மடியில் உட்கார்ந்து படம் எடுக்க அங்கே இருக்கையும் இல்லை, வந்து பார்க்க மேயரும் இல்லை. வாடகைதாரருக்குச் சங்கத்தில் வாக்கு கிடையாது. மாணவரின் ஒழுக்கத்தைப் பற்றித் தீர்மானம் போடும் கூட்டத்தில் மாணவரைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகங்களின் நிலை இன்னும் வெட்கக்கேடு. 2024இல் கேரளம் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கு மாறியது. பாடத்திட்டம் பற்றி, மதிப்பெண் புள்ளி பற்றி, வேலைவாய்ப்புத் திறன் பற்றிப் பேசியவர்கள், நான்காம் ஆண்டு தங்கப் போகும் மாணவர் எங்கே படுப்பார் என்று பேசியதாகத் தெரியவில்லை. இளைஞர் வெளிநாட்டுக்குப் பறந்துவிடுகிறார்கள் என்று ஒருபுறம் புலம்பல். நாற்பது மைல் தெற்கிலிருந்து வரும் பிள்ளைக்கு ஓர் அறை கொடுக்க வழியில்லை. 2024 ஜனவரியில் கனடா வீட்டு நெருக்கடியைக் காரணம் காட்டி அயல்நாட்டு மாணவர் அனுமதிக்கு வரம்பு கட்டியபோது கேரளத்து வீடுகள் பதறின. அங்கே தம் பிள்ளைகள் நெருக்கடிக்குக் காரணமானவர்களாகச் சுட்டப்பட்டதில் இருந்த அநீதி உடனே புரிந்தது. கரமனையில் அதே அநீதியை இழைக்கும்போது புரிய மறுக்கிறது. 2023 நிலவரவு செலவுத் திட்டத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு வரி விதிக்கக் கேரள அரசு முன்வந்து, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியதையும் இங்கே நினைக்கலாம். ஆளில்லாத வீட்டின் உரிமையாளர்க்காகக் குரல் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

பணம் இருப்பவர்க்கு இதில் பாதி தீர்ந்துவிடும் என்பதும் மறைக்க வேண்டியதன்று. நெட் தேர்வில் வென்று ஜே.ஆர்.எஃப். பெறும் ஆய்வாளர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், விடுதி இல்லையென்றால் வாடகைப் படியும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் அல்லாத ஆய்வாளர்க்கு 8,000 ரூபாய் என்னும் தொகை பத்தாண்டுக்கும் மேலாக அசையவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் எந்த நல்கையும் இல்லாமல் பகுதிநேர வகுப்பெடுத்துப் படிப்போர் ஏராளம். தலித், பழங்குடி மாணவர்க்கு இ-கிராண்ட்ஸ் வழியாக வரவேண்டிய தொகை மாதக்கணக்கில் தாமதமாவதை எதிர்த்து அவர்கள் திரும்பத் திரும்பத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். வாடகை தாமதமானால் வீட்டுக்காரர் அரசாணையைக் காத்திருந்து படிப்பதில்லை. முதல் கேள்வியில் சாதியால் வடிகட்டப்பட்டுத் தப்பியவர், இரண்டாம் மாதத்தில் நல்கைத் தாமதத்தால் வடிகட்டப்படுகிறார். ஆய்வை இடையில் நிறுத்தியவர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதப்படும்.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. விடுதியில் எத்தனை இடம், விண்ணப்பித்தோர் எத்தனை, மறுக்கப்பட்டோர் எத்தனை என்பதைச் சேர்க்கை அறிவிப்போடு ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடலாம். திருவனந்தபுரம் மாநகராட்சி, ஐந்து பேருக்கு மேல் பணம் வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமம் கேட்கலாம். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிகள் பல குடித்தன வீடுகளுக்கு இதைத்தான் செய்கின்றன. உரிமத்தில் இரண்டு நிபந்தனை போதும்: எழுத்தில் ஒப்பந்தம், விளம்பரத்தில் சாதி, மதம், உணவு, திருமண நிலை பற்றிய சொல் இல்லாமை. தன் வீட்டுச் சமையலறையைப் பகிரும் முதியவர்க்கு விலக்குக் கொடுத்துவிடலாம். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்று மாடி கட்டி முப்பது கட்டில் போட்டவர் ஒளிந்துகொள்ள முடியாமல் இருந்தால் போதும். வெளியில் தங்கும் மாணவர்க்கும் கல்லூரியின் குறைதீர் குழு பொறுப்பு என்று பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, சட்டமன்றம் கூடத் தேவையில்லை. துணைவேந்தரின் ஒரு கையெழுத்து வேண்டும்.

அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை விண்ணப்பத்தில் வழக்கம்போல நிலையான முகவரி, தற்போதைய முகவரி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். களியக்காவிளைப் பேருந்திலிருந்து கரமனையில் இறங்கும் மாணவி முதல் கட்டத்தை நிரப்பிவிட்டு, இரண்டாவதில் தற்காலிகமாக ஒரு தோழியின் முகவரியை எழுதுவாள். அலுவலகம் அதைக் கேள்வி கேட்காமல் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளும்.